சமாராதனை அரிசியும் கூட்டு விகிதக் கணக்கும்

கணக்கு என்றதும் பின்வரிசையில் இரண்டு மாமாக்கள் காபிப் பக்கம் நகர்வது தெரிகிறது. பயப்பட வேண்டாம், சாப்பாட்டு விஷயம்தான்.

2004-ல் என் தகப்பனார் பாலக்காட்டில் எங்கள் கிராமத்து சமாராதனைக்காக ஒரு லக்ஷம் ரூபாயை வங்கியில் போட்டார். முதலைத் தொடக்கூடாது, வட்டியில் அரிசி வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. வட்டி வருஷத்துக்குச் சுமார் 6,000 ரூபாய். அந்தப் பருவத்தில் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 560 ரூபாய். அதை வைத்துப் பார்த்தால் பத்து குவிண்டாலுக்கு மேல் நெல். 2024-25-ல் ஆதரவு விலை 2,300. அதே வட்டிக்கு இரண்டரை குவிண்டால்தான் தேறும். ஒரு பைசாவை யாரும் எடுக்கவில்லை, ஆனாலும் முக்கால்வாசி போய்விட்டது.

ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறிற்று? மொத்த ஏற்றம் 310 சதவீதம், இருபதால் வகுத்தால் பதினைந்தரை என்று நம்மில் பலர் சொல்வோம். தப்பு. ஒவ்வொரு வருஷ ஏற்றமும் ஏற்கெனவே ஏறிய விலையின் மேல் ஏறுகிறது. 2,300-ஐ 560-ஆல் வகுத்தால் 4.1. ஒன்றை 1.073-ஆல் இருபது தடவை பெருக்கிக்கொண்டே போனால் ஏறக்குறைய இது வரும். ஆக 7.3 சதவீதம். 72-ஐ இதனால் வகுத்தால் சுமார் பத்து. பத்து வருஷத்தில் விலை இரட்டிக்கும்.

இனி 2044-ல் என்ன விலை? அதே வேகமென்றால் 9,400. ஆனால் 2014-15-ல் விலை 1,360. முதல் பத்து வருஷ விகிதம் 9.3, அடுத்த பத்தில் 5.4 தான். பின்னதை எடுத்தால் 6,600. எந்த வருஷத்திலிருந்து எண்ணுகிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

பாயஸத்து ஏலக்காயைப் பாருங்கள். 2018 வெள்ளம், பிறகு வறட்சி. இடுக்கி புற்றடி ஏலத்தில் 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை போயிற்று. முந்தைய வருஷம் ஆயிரத்தையொட்டி இருந்தது. அந்த ஒரு வருஷ விகிதத்தை நீட்டினால் 2020-ல் 49,000! நடந்தது வேறு. 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே.

சமாராதனைக்கு வருகிறேன். வட்டி 7, விலையேற்றம் 5.4 என்று வைத்துக்கொண்டால், செலவழிக்கக் கூடியது 1.6 மட்டுமே, மீதியை முதலோடு சேர்த்தாக வேண்டும். பத்து குவிண்டாலுக்கு 2,300 வீதம் 23,000 ரூபாய். அதற்கு முதல் பதினான்கு லக்ஷத்துக்கு மேல் தேவை.

தம்பியிடம் சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. இப்போதைக்கு இருவருமாக வருஷா வருஷம் அரிசியாகவே கொடுத்துவிடுகிறோம்.