பீரங்கி அணியில் அச்சேறிய கவிதைகள்

ஆர்ஜொந்தெய் நகரில் 1882ஆம் ஆண்டு பிறந்த ஓவியர் ஜோர்ஜ் பிராக், முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் போரிட்டு, 1915 மே மாதத்தில் தலையில் காயமுற்று, மண்டையோட்டைத் துளையிட்டுச் செய்யும் அறுவை மருத்துவத்தால் உயிர் பிழைத்தவர். மறு ஆண்டில் தலைக்காயமுற்று அதே மருத்துவத்துக்கு உள்ளானவர் அவருடைய நண்பரான கவிஞர் கியோம் அப்போலினேர். படைவீரக் கவிஞர்கள் என்னும் பரந்த பொருளில் இவ்வுரை பெரிதும் அப்போலினேரிடமே தங்கும். போரைப் பாடியவர்கள் பலராயினும், போர்முனையில் கிடைத்த தாளையும் மையையும் கொண்டே தம் நூலை ஆக்கிக்கொண்டவர்கள் மிகச் சிலர்.

1880இல் ரோம் நகரில், போலந்து மரபினரான தாய்க்குப் பிறந்த அப்போலினேர், போர் தொடங்கியபோது பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருக்கவில்லை. படையில் சேரும் கடமையும் அவருக்கில்லை. ஆயினும் 1914 டிசம்பரில் தாமாகவே முன்வந்து பீரங்கிப் படையில் சேர்ந்து, நீம் நகரில் பயிற்சி பெற்று, அடுத்த ஏப்ரலில் ஷம்பாஞ் போர்முனையை அடைந்தார்.

அங்கே 1915 ஜூனில் அவர் செய்த செயல் சற்று விரித்துக் கூறத்தக்கது. கணக்குப் பயிற்சிக்குரிய கட்டமிட்ட தாளில், ஊதா மையால், படியெடுக்கும் எளிய முறையைக் கொண்டு, 'காஸ் தார்மோன்' என்னும் கவிதைத் தொகுதியைத் தம் பீரங்கி அணியிலேயே 25 படிகள் அளவில் அவர் அச்சிட முனைந்தார். எதிரியின் குண்டு எட்டும் தொலைவில் இருந்துகொண்டு நூல் பதிப்பித்த கவிஞரை இலக்கிய வரலாற்றில் எளிதிற் காண இயலாது. அக்கவிதைகள் சிலவற்றில் சொற்கள் வரிசையாக ஓடாமல், பாடுபொருளின் உருவத்தையே தாளில் வரைந்து நிற்கின்றன. இத்தகைய சொல்லோவியத்தை அவர் 'கலிக்ராம்' என்றழைத்தார். எழுத்துகளைத் தேராகவும் நாகமாகவும் அமைக்கும் சித்திரகவியை அறிந்த தமிழ் நேயர்களுக்கு இது முற்றிலும் அயலானதன்று. எனினும் நம் சித்திரகவி இலக்கணத்தின் கட்டுக்குள் நின்று புலமையைக் காட்டுவது, அப்போலினேருடையதோ யாப்பின் கட்டை அவிழ்த்துக் கண்ணுக்கும் கவிதையில் இடமளிப்பது. லூ என்றழைத்த காதலிக்கும், ரயிற்பயணத்தில் அறிமுகமான மதலேன் பாஜெஸ் என்பவருக்கும் அவர் இடையறாது மடல் எழுதினார். கவிதைகள் பல அம்மடல்களோடு பயணம் செய்தன. குண்டுமுனையின் அலுமினியத்தில் மோதிரம் செய்து அனுப்பியதும் உண்டு.

இரவு வானில் எழும் வெளிச்சக் குண்டுகளின் அழகை வியந்து பாடியதற்காக அவர்மீது பின்னாளில் குறை கூறப்பட்டது. குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் 1915 நவம்பரில் தாமே வேண்டிக் காலாட்படைக்கு மாறிப் பதுங்குகுழியின் சேற்றை அறிந்தபின், அவ்வியப்பு மங்கிப்போனதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

1916 மார்ச் 9ஆம் நாள் அவருக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வழங்கப்பட்டது. எட்டு நாள் கழித்து, பதுங்குகுழியில் ஓர் இலக்கிய இதழைப் படித்துக்கொண்டிருந்தபோது குண்டுச்சிதறல் அவர் நெற்றிப்பொட்டைத் துளைத்தது. 'கலிக்ராம்' என்னும் பெருந்தொகுதி 1918 ஏப்ரலில் வெளிவந்தது. நவம்பர் 9ஆம் நாள், போர்நிறுத்தத்துக்கு இரு நாள் முன்னர், அக்காலத்தில் உலகெங்கும் பரவிய கொள்ளைக் காய்ச்சலால் 38 வயதில் அவர் இறந்தார். ஆங்கிலக் கவிஞர் வில்ஃபிரட் ஓவன் களத்தில் வீழ்ந்தது அதற்கு ஐந்து நாள் முன்பு. தமிழில், 1991 ஜூலையில் ஆனையிறவுப் போரில் இறந்த விடுதலைப் புலிப் போராளிகளான வானதி, கஸ்தூரி ஆகியோரின் கவிதைகளும் இவ்வரிசையில் வைத்துப் படிக்கத்தக்கவை. அவற்றுக்குத் தனி உரையே வேண்டும், இன்று நேரம் இடந்தரவில்லை.

அப்போலினேரின் கல்லறை பாரிஸின் பேர் லசேஸ் இடுகாட்டில், 86ஆம் பிரிவில் உள்ளது. இதய வடிவிலான அவருடைய கலிக்ராம் ஒன்று அங்கே பொறிக்கப்பட்டுள்ளது. பிராக் பிறந்த ஆர்ஜொந்தெயிலிருந்து பாரிஸின் சேன் லசார் நிலையம் வரை ரயிலிலும் அங்கிருந்து 3ஆம் எண் மெட்ரோவிலும் சென்றடையலாம் என்பதால், நேயர்களிற் சிலரேனும் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளையும் உடனழைத்துச் சென்று காண்பார்கள் என்று நம்பலாம்.