விளக்கை அணைத்துவிட்டு எழுந்த வாத்தியக்காரர்கள்

(ஜூபிலி விழா இசை நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஆற்றிய உரை)



இசையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லும்படி விழாக் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். இசை இலக்கணம் பேசி உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. சிறியதொரு வாத்தியக் குழு, 1772-ஆம் ஆண்டில், ஹங்கேரி நாட்டில், ஒரு நாள் வாசித்த இசையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அக்குழுவின் தலைவர் பிரான்ஸ் யோசப் ஹைடன். நம் ஊரில் பிறந்திருந்தால் சூசை என்றே கூப்பிட்டிருப்போம்! 1732-இல் ஆஸ்திரியாவில் ரோராவ் என்ற கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் வண்டிச் சக்கரம் செய்பவர்; தாயார் பிரபு ஒருவரின் மாளிகையில் சமையல் வேலை பார்த்தவர். சிறு வயதில் வியன்னா நகரின் புனித முடியப்பர் பேராலயப் பாடற் குழுவில் பாடினார். 1761-இல் எஸ்டர்ஹாசி என்னும் பெருங்குடும்பத்தில் வேலைக்கு அமர்ந்தார். மேதையானாலும் அங்கே அவர் ஊழியர்தான். சீருடையும் வெள்ளைக் காலுறையும் அணிந்து, இன்று என்ன இசை வேண்டும் என்று எசமானரிடம் நாள்தோறும் கேட்டு நடக்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

எசமானர் கோமான் நிக்கொலாஸ், சதுப்பு நிலத்தின் நடுவே எஸ்டர்ஹாசா என்ற பெரிய அரண்மனையைக் கட்டியிருந்தார். கோடைக்காலம் முழுவதும் அங்கேதான் வாசம். வாத்தியக்காரர்களும் கூடவே இருக்க வேண்டும். அவர்களுடைய மனைவி மக்களோ, ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்கு அப்பால் ஐசென்ஸ்டாட் என்ற ஊரில் இருந்தார்கள். அக்குடும்பங்கள் அரண்மனைக்கு வந்து தங்கக் கூடாதென்று 1772 தொடக்கத்தில் உத்தரவு பிறந்தது. ஹைடன், முதல் வயலின்காரர் தொமாசினி, பாடகர் சிலர் ஆகியோருக்கு மட்டுமே விலக்கு.

அவ்வாண்டு கோடை கழிந்தும் கோமான் ஊர் திரும்பவில்லை. பிள்ளை முகம் காணாத தகப்பன்மார் ஹைடனிடம் வந்து முறையிட்டார்கள். அவர் மனு எழுதவில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. ஒரு சிம்பொனி எழுதினார். அவருடைய சிம்பொனிகளில் அது 45-ஆவது. ‘பிரியாவிடை’ என்று இன்று பெயர் பெற்றது.

சிம்பொனி என்றால் முடிவில் எல்லா வாத்தியங்களும் சேர்ந்து முழங்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார். இதிலும் கடைசிப் பகுதி வேகமாய்த் தொடங்குகிறது. ஆனால் நடுவில் சட்டென்று நின்று, மெல்லிய நடையில் வேறோர் இசை எழுகிறது. ஓர் ஓபோக்காரரும் ஒரு ஹார்ன்காரரும் தம் பகுதியை முடித்து, மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். பிறகு பஸூன் ஓய்கிறது. பின்னர் டபுள் பாஸ், செல்லோ, வயலின்கள், வியோலா என்று ஒவ்வொன்றாய் விடைபெறுகின்றன. ஒலியும் ஒளியும் ஒருங்கே குறைந்து, முடிவில் இரண்டே வயலின்கள் மெதுவாய் ஒலித்து அடங்குகின்றன.

கோமானும் இசை அறிந்தவர். பாரிட்டன் என்ற நரம்புக் கருவியை வாசிப்பவர். அவருக்காக மட்டுமே ஹைடன் 120-க்கு மேற்பட்ட மூவர் இசைகளை எழுதியிருக்கிறார். வள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்று இரண்டு அதிகாரங்கள் வைத்தாரல்லவா? கோமான் குறிப்பறிந்தார். ஊர் திரும்ப உத்தரவிட்டார். முதுமையில் ஹைடனே தம் வரலாற்றை எழுதியவர்களிடம் இதைச் சொல்லியிருக்கிறார்.

அன்பார்ந்தவர்களே, இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கடைசிவரை இருந்து வாசித்த இருவர் ஹைடனும் தொமாசினியும் என்பது வழிவழியாக வரும் செய்தி. குடும்பத்தோடு இருக்க அனுமதி பெற்றிருந்தவர்கள் இவர்களே! தமக்குக் குறையில்லாத போதும் பிறர் குறையைத் தம் குறையாகக் கொண்டு, எசமானர் முன் எடுத்துரைத்தார் ஹைடன். வாத்தியக்காரர்கள் அவரைப் ‘பாப்பா’, அதாவது அப்பா என்று அழைத்ததில் வியப்பென்ன?

நமக்கு வசதி கிடைத்துவிட்டால், கிடைக்காதவன் கதையைக் கேட்க நேரமிருப்பதில்லை. கூலி குறைந்தவன், வீட்டை விட்டுத் தொலைவில் உழைப்பவன் ஆகியோருக்காகப் பேச வேண்டியவர், குறையின்றி இருப்பவரே. அதையும் பிறர் மனம் நோகாமல், கேட்பவர் உள்ளம் இளகும்படி பேசலாம் என்பதற்கு அந்த இசையே சான்று.

ஹைடன் தம் இசை ஏடுகளை ஆண்டவர் பெயரால் தொடங்கி, ‘இறைவனுக்கே புகழ்’ என்று எழுதி முடிப்பது வழக்கம். நானும் அவ்வாறே முடிக்கிறேன். இறைவனுக்கே புகழ்!