லேபிளைப் பிரித்த பிறகு



பொன்விழாவில் உடையும் அடையாளமும் பற்றிப் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். தெம்பனிஸில் அண்ணன் தம்பி இருவருமாக ஒரு சிறு கடை நடத்துகிறோம். பாலிடெக்னிக்கில் படித்தது பொறியியல். பிழைப்போ கைலி, ஜுப்பா, தொப்பி. ஆகவே கடையில் கற்றதைத்தான் சொல்லப்போகிறோம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். ஒரு நோன்பு மாதத்தில் வந்த சரக்கில் பாதிக் கைலிகளில் தங்க நிற லேபிள் ஒட்டியிருந்தது, மீதியில் இல்லை. துணி ஒன்றுதான். லேபிள் உள்ளதை நான்கு வெள்ளி கூட்டி விற்றோம். அதுதான் வேகமாக விற்றது. பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு ஒரு பெரியவர் வந்தார். கடையநல்லூர்க்காரர், தறி ஓசையில் வளர்ந்தவர். இரண்டையும் விரலால் தடவிப் பார்த்து, “தம்பி, ரெண்டும் ஒரே நெசவுதானே?” என்றார். எங்களுக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து இரண்டுக்கும் ஒரே விலை வைத்தோம். ஆனால் அதற்கு முன் வாங்கிப் போனவர்களின் நான்கு வெள்ளி இன்னும் எங்கள் மனத்தில் உறுத்துகிறது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல எங்களுக்குத் தகுதியில்லை. பாலிடெக்னிக் நாட்களில் பகுதிநேர வேலைக்குக் கிடைத்த முதல் சம்பளத்தை ஒரு ஜோடி காலணிக்குக் கொடுத்தவர்கள் நாங்கள். நெஞ்சில் பெரிய எழுத்தில் கம்பெனிப் பெயர் போட்ட சட்டையை நாமே காசு கொடுத்து வாங்கி, சம்பளமில்லாமல் விளம்பரம் செய்கிறோம். எல்லாரும் ஒன்றையே போட்டுக்கொண்டு, “இது என் தனி ஸ்டைல்” என்கிறோம்.

எங்களிடம் கைலி வாங்கும் ஒரு தம்பி அதைப் பையில் வைத்துக்கொண்டு போய், பள்ளிவாசலில்தான் உடுத்துவான். “புளோக்குக்குக் கீழே கூட்டாளிகள் சிரிப்பாங்கண்ணே. இது மலாய்க்காரங்க உடுப்புதானே?” என்றான்.

அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறோம். மலாய் வாடிக்கையாளர்கள் எங்களிடம் ‘காயின் பெலிக்காட்’ என்று கேட்பார்கள். அந்தப் பெலிக்காட், சென்னைக்கு வடக்கே ஏரிக்கரையில் உள்ள பழவேற்காடுதான். டச்சுக்காரர்கள் 1613-இல் அங்கே கோட்டை கட்டினார்கள். சோழமண்டலக் கரையின் துணிகள் அங்கிருந்து கப்பலேறி மலாய் உலகுக்கு வந்தன. துறைமுகத்தின் பெயர் துணிக்கு ஒட்டிக்கொண்டது. அதற்காக அது நம்முடையது என்று நாம் சண்டைக்குப் போக வேண்டாம். தலைமுறை தலைமுறையாக உடுத்தி அவர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். அதேபோல், அது நம்முடையது அல்ல என்று நாம் வெட்கப்படவும் வேண்டாம்.

நமக்கும் எத்தனையோ பெயர்கள். ஒரு காலத்தில் சூலியா என்றார்கள். 1826-இல் தொடங்கிய சவுத் பிரிட்ஜ் சாலை ஜாமிஆ பள்ளிக்கு இன்றும் சூலியா பள்ளி என்ற பெயர் உண்டு. அடையாள அட்டையில் இந்தியர். சமூகத்தில் இந்திய முஸ்லிம், தமிழ் முஸ்லிம். 2011 முதல், கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு இனங்களையும் சேர்த்துப் பதியலாம். பெயர்கள் தேவைதான், படிவத்தை நிரப்பியாக வேண்டுமே. ஆனால் படிவத்தில் நிரப்பியதோடு ஒரு மனிதன் முடிந்துவிடுவதில்லை.

கைலி வாங்கினால் முதலில் என்ன செய்கிறோம்? லேபிளைப் பிரித்துவிட்டு, இரண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டுகிறோம். லேபிள் யாரோ ஒட்டியது. மூட்டுவது நம் வீட்டில் நடப்பது. வீட்டில் பிள்ளையோடு தமிழில் பேசுவது, அண்டை வீட்டாரின் மையித்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பது, வியாபாரத்தில் அளவும் விலையும் நேராக வைப்பது, இவைதாம் நம்மை மூட்டும் தையல். இந்தச் சங்கம் 50 ஆண்டுகள் நின்றதும் பெயர்ப்பலகையால் அல்ல. பெயர் வெளியே தெரியாமல் நாற்காலி அடுக்கியவர்களால், கஞ்சி காய்ச்சியவர்களால், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களால்.

இளைஞர்களே, பிடித்ததை உடுத்துங்கள். எங்கள் கடையில் வாங்காவிட்டாலும் பரவாயில்லை. வாங்கும் முன் ஒரு தடவை துணியைத் தொட்டுப் பாருங்கள். மனிதர்களையும் அப்படியே பாருங்கள்.

எங்கள் நான்கு வெள்ளித் தவறை அல்லாஹ் மன்னிக்க துஆ செய்யுங்கள். வஸ்ஸலாம்.