விடுமுறை நாட் கடமையும் பதில் லீவும்



அரசாங்க சேவையிலே, விடுமுறை நாளொன்றில் கடமைக்கு அழைக்கப்படும் உத்தியோகத்தருக்கு அந்நாளுக்கு ஈடாகப் பிறிதொரு நாளில் ஓய்வு வழங்கும் வழக்கம் உண்டு. கந்தோர்களில் இதனைப் பதில் லீவு என்பர். சில சேவைகளில் ஈடு பணமாகக் கிடைக்கும். பணத்தைப் பெற்றுக்கொண்டவர் அதே நாளுக்கு லீவும் கேட்டல் முறையன்று. ஒரு நாளைக் கொடுத்தால் ஒரு நாளைப் பெறலாம் என்ற இந்த எளிய கணக்கு நடைமுறையில் எங்கே பிசகுகின்றது என்பதையே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

நமது நாட்டிலே ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 25 பொது விடுமுறைகள் வருகின்றன. அவற்றுள் 12 அல்லது 13 பூரணை தினங்கள். அயல்நாட்டார் கண்டு வியக்கும் எண்ணிக்கை இது. ஆயினும், பூரணை என்பதற்காக நோயாளியின் காய்ச்சல் தணிவதில்லை. தீபாவளி என்பதற்காக இரவு அஞ்சல் புகையிரதம் நின்றுவிடுவதில்லை. நாம் வீட்டிலே இளைப்பாறும் நாளில் எவரோ ஒருவர் விழித்திருக்கிறார்.

2024ஆம் ஆண்டு சனாதிபதித் தேர்தலை எடுத்துக்கொள்வோம். செப்டெம்பர் 21ஆந் தேதி, சனிக்கிழமை, வாக்கெடுப்பு நடந்தது. ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் கிராம உத்தியோகத்தர்களும் முதல் நாளே வாக்குப் பெட்டிகளுடன் நிலையங்களுக்குச் சென்றுவிட்டனர். எண்ணும் பணி இரவிரவாக நடந்தது. எவரும் அரைவாசிக்கு மேற்பட்ட வாக்குகளைப் பெறாமையால், இந்நாட்டுச் சரித்திரத்திலே முதன்முறையாக இரண்டாம், மூன்றாம் விருப்பு வாக்குகளையும் எண்ண வேண்டியதாயிற்று. ஞாயிறு மாலையிலேயே முடிவு வெளியாயிற்று. திங்கட்கிழமை, 23ஆந் தேதி, விசேட விடுமுறையாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இது நல்ல காரியமே. எனினும் அந்த விடுமுறை, இரண்டு இரவு கண்விழித்தவருக்கும் இரண்டு இரவும் உறங்கியவருக்கும் ஒரே அளவாகவே கிடைத்தது. எல்லார்க்கும் பொதுவாய் வரும் விடுமுறையை உழைத்தவருக்குரிய ஈடாகக் கணக்கிடுதல் பொருந்தாது. அவருடைய சனியும் ஞாயிறும் தனிக்கணக்காக நிற்கின்றன.

இன்னுமொன்று. நாட்கள் யாவும் ஒரே நிறையுள்ளவை அல்ல. 1966 முதல் 1971 வரை இந்நாட்டிலே ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாக இருந்தது. பூரணை, அமாவாசை, இரு அட்டமிகள் ஆகிய போயா தினங்களே வார விடுமுறைகளாயின. சந்திரனைப் பின்பற்றியமையால் வாரத்தின் நீளமும் ஒரு நிலையில் நில்லாது போயிற்று. ஓய்வு நாட்கள் என்னவோ கிடைத்துக்கொண்டுதான் இருந்தன. ஆயினும் ஞாயிறு காலைப் பூசைக்குச் செல்லும் கத்தோலிக்க எழுதுவினைஞர் ஒருவருக்கு, அட்டமியன்று கிடைத்த ஓய்வு ஞாயிற்றுக்கு ஈடாகியிருக்குமா? 1971ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டத்தோடு ஞாயிறு பழைய இடத்தை அடைந்தது. பொங்கலன்று கடமையிலிருந்த தாய்க்கு மாசி மாதத்துப் புதன்கிழமை ஒன்றைத் தருவதும் அத்தகையதே. பிள்ளைகள் அன்று பாடசாலையில் இருப்பார்கள். பானையும் பரணில் ஏறியிருக்கும்.

ஆகவே ஈடு செய்வதற்கு முன்னர், கடமையைப் பங்கிடும்போதே யோசித்தல் வேண்டும். நான்கு சமயத்தார் வாழும் நாடு இது. வெசாக் தினத்திலே தமிழ்த் தாதி விடுதியைப் பார்த்துக்கொள்ள, தீபாவளியன்று சிங்களத் தாதி அவ்விடத்தில் நிற்பது இயல்பாகக் கைகூடும் ஏற்பாடு. சித்திரைப் புத்தாண்டில் பாரம் முழுவதும் முஸ்லிம், கிறிஸ்தவ உத்தியோகத்தர் தலையிற் சுமந்துவிடக் கூடும். அவர்களுக்கு நோன்புப் பெருநாளும் நத்தாரும் தவறாமல் விடப்படுதல் நியாயம். யாழ்ப்பாணத்துச் சிறு காரியாலயம் ஒன்றில் எல்லாரும் ஒரே பண்டிகையினராய் இருந்தால் இம்முறை உதவாது. அங்கே ஆண்டுக்காண்டு முறை மாற்றுவதே வழி. சென்ற பொங்கலுக்கு நின்றவர் இப்பொங்கலுக்கு நிற்கலாகாது.

லீவு என்பது சலுகையேயன்றி உரிமையன்று என்பது அரச சேவையின் பழைய கோட்பாடு. சாதாரண லீவைப் பொறுத்தவரை அதனை நான் மறுக்கமாட்டேன். பதில் லீவோ வேறு இனம். உத்தியோகத்தர் தம் நாளை முன்னரே கொடுத்துவிட்டார், மேலதிகாரி கடன்பட்டவர். கடன்பட்டவரே "சேவையின் தேவை" என்று எழுதித் தவணை சொல்லிக்கொண்டிருப்பது அழகன்று.

இக்கடன் பெரும்பாலும் நிலுவையாய் நிற்பது சிற்றூழியர் பக்கத்திலேதான். பாடசாலைக் காவலாளியைப் பாருங்கள். பாடசாலை வாக்கெடுப்பு நிலையமானாலும், பரீட்சை நிலையமானாலும், வெள்ளத்தில் இடம்பெயர்ந்தோர் தங்கும் இடமானாலும் கதவைத் திறப்பவர் அவரே. ஏட்டிலே அவர் பெயரில் நாட்கள் ஏறிக்கொண்டே போகும். அவற்றை எடுக்கவோ வழியில்லை. பதிலுக்கு நிற்க ஆளில்லை. விண்ணப்பப் பத்திரத்தை நிரப்பிக்கொண்டு வந்து, அதிபரின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதனை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பும் காவலாளிமார் நம்மிடையே உளர்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. விடுமுறை நாட் கடமைக்கான கட்டளைக் கடிதத்திலேயே பதில் நாளின் தேதியையும் அன்று நிற்பவரின் பெயரையும் எழுதிவிட்டாற் போதும். என் பாடசாலையில் அப்படியே செய்து வருகிறோம். ஆள் கிடையாத நாளிலே, காலை ஆறரை மணிக்கு வாயிற்கதவைத் திறந்து, மாலையிலே பூட்டிச் செல்லும் வேலையை அதிபரும் பிரதி அதிபரும் பங்கிட்டுக்கொள்ளலாம். சாவிக்கொத்து அத்துணைப் பாரமானதன்று.