சிறைக்கதவும் தொற்றுநோயும்
(மருத்துவமனை ஸ்தோத்திரக் கூடுகையில் எங்கள் டாக்டர் ஆற்றிய உரை)



போன கூடுகை முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, பல வருஷங்களாக நம் ஊழியத்தைத் தாங்கிவரும் பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். "டாக்டர், குற்றம் செய்து உள்ளே போனவனுக்கு எங்கள் காணிக்கைப் பணத்தில் ஏன் வைத்தியம்?" என்று கேட்டார். அவர் மனதைப் புண்படுத்த எனக்கு விருப்பமில்லை. கேள்வி நியாயமானதுதான். அன்றைக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லப் பார்க்கிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் சான் குவென்டின் என்ற பழைய சிறை உண்டு. 1918-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் சிறையிலிருந்து ஒரு கைதியை அங்கே கொண்டுவந்தார்கள். வரும்போதே அவனுக்கு உடம்பு சரியில்லை. ஆனாலும் அவன் ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் மற்றவர்களோடு கலந்திருந்தான். அவர்களோடே உட்கார்ந்து சாப்பிட்டான். உலகத்தை உலுக்கிய அந்த இன்ஃபுளுயன்சா, உள்ளே இருந்த சுமார் 1,900 பேரில் ஏறத்தாழ பாதிப்பேரைப் பிடித்தது. சிறையின் டாக்டர் ஸ்டான்லி இதையெல்லாம் விவரமாக எழுதி 1919-ல் வெளியிட்டார். நோய் வந்த வழி புதிதாக வந்த ஆள்தான் என்பது அதில் தெளிவாக இருக்கிறது.

நூறு வருஷம் கழித்து என்ன நடந்தது? 2020 மே மாதக் கடைசி வரையில் சான் குவென்டின் கைதிகளில் ஒருவருக்கும் கொரோனா உறுதியாகவில்லை. தெற்கே சீனோ என்ற ஊரின் சிறையில் நோய் பரவியிருந்தது. அங்கேயிருந்த பலவீனமானவர்களைக் காப்பாற்றும் நல்ல எண்ணத்தோடேதான், 120-க்கும் மேற்பட்டவர்களைப் பஸ்களில் ஏற்றி சான் குவென்டினுக்கு அனுப்பினார்கள். பலருக்குப் பரிசோதனை செய்து வாரக்கணக்கில் ஆகியிருந்தது. வந்தவர்களை வைத்த அறைகளுக்கு முன்பக்கம் சுவர் இல்லை, கம்பி மாத்திரம். ஒருவர் இருமினால் அடுக்கடுக்கான அறைகளுக்கெல்லாம் அந்தக் காற்றுதான். சில மாதங்களில் 2,200-க்கும் அதிகமானோருக்குத் தொற்றியது. 28 கைதிகள் மரித்தார்கள். கைதிகளோடு ஒரு காவல் அதிகாரியும் மரித்தார். அவர் தண்டனை பெற்றவர் அல்ல, வேலைக்குப் போனவர். காவலர்கள் ஒவ்வொரு நாளும் வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். கிருமிக்குச் சிறைச்சுவர் தடை ஆகாது என்பதை வைத்தியன் என்ற முறையில் அந்தப் பெரியவருக்கு முதலாவது சொல்ல விரும்புகிறேன்.

இரண்டாவது, "குற்றம் செய்தவன்" என்று சொன்னாரே, அது. நம் தேசத்துச் சிறைகளில் 2020-ம் வருஷக் கடைசியில் இருந்தவர்களில் நூற்றுக்கு 76 பேர் விசாரணைக் கைதிகள். இன்னும் தீர்ப்பு ஆகாதவர்கள். 100 பேருக்கான இடத்தில் 118 பேர் இருந்தார்கள். அப்படியிருக்க, ஆளுக்கு ஆள் ஆறடி தள்ளி நில் என்று யாரிடம் சொல்வது? ஆகையால்தான் 2020 மார்ச் 23-ல் உச்சநீதிமன்றம், ஒவ்வொரு மாநிலமும் உயர்மட்டக் குழு அமைத்து, யார் யாரை பரோலிலோ இடைக்கால ஜாமீனிலோ அனுப்பலாம் என்று தீர்மானிக்கச் சொன்னது. ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள வழக்குகளில் இருப்போரை அதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்றும் உதாரணம் காட்டியது. மருந்துக்கு முன்னே இடம் வேண்டும் என்பதை அந்த நீதிபதிகள் கண்டுகொண்டார்கள். டாக்டர்களாகிய எங்களில் பலர் அப்போது மாஸ்க்கையும் ஆக்சிஜனையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

கொரோனாவின் கடுமை ஓய்ந்துவிட்டது. காசநோயோ ஓயவில்லை, அதுவும் நெருக்கத்திலும் அடைபட்ட காற்றிலும் பரவுகிற நோயே. அதனால்தான் நம் குழு சிறைக்குப் போகும்போதெல்லாம் புதிதாக வந்தவர்களை முதலில் பார்க்கக் கேட்கிறது. எத்தனை நாளாக இருமல், இரவில் வியர்க்கிறதா, எடை குறைந்ததா என்று விசாரித்து, சந்தேகம் இருந்தால் சளிப் பரிசோதனை. ஸ்டான்லி டாக்டர் காலத்துப் பாடம்தான் இது. செலவு பெரிதல்ல, ஆனால் தவறாமல் செய்யவேண்டும்.

பவுல் அப்போஸ்தலன் சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதிய கடைசி நிருபத்தில், துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியைக் கொண்டுவரும்படி கேட்டிருக்கிறார். மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேரும்படியும் கேட்கிறார். அவருக்கும் குளிர் எடுத்திருக்கிறது. அந்தப் பகுதியை எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். சிறையில் இருமுகிற ஒரு பையன் போர்வை கேட்ட பிறகுதான் அது எனக்கு நின்று வாசிக்கிற இடமாயிற்று.

அடுத்த மாதம் முதல் வாரத்தில் மறுபடியும் போகிறோம். ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உபயோகமில்லாமல் இருக்கும் நல்ல போர்வைகள் இருந்தால், துவைத்து, ஞாயிறு ஆராதனைக்கு வரும்போது கொண்டுவாருங்கள்.