சுகத்தின் அளவுகோல்

டில்லியில் வாழும் நம்மவர்க்கு மே மாத வெப்பமும் ஆகஸ்டு மாதப் புழுக்கமும் வேறுவேறு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. மே மாதத்தில் வெப்பமானி 42 டிகிரி காட்டினும் கூலர் அறையைக் குளிர்விக்கிறது. வறண்ட காற்று நீரை விரைந்து ஆவியாக்குவதே காரணம். ஆகஸ்டில் 34 டிகிரிதான். ஆயினும் கூலர் ஓடியும் வியர்வை உலர்வதில்லை. ஆகவே, வெப்பமானியின் எண் ஒன்றினால் மட்டும் சுகத்தை அளந்துவிட இயலாது.

டென்மார்க் நாட்டு அறிஞர் ஃபேங்கர் 1970-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். காற்றின் வெப்பம், சுவரும் கூரையும் வீசும் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், உடுத்தும் உடை, செய்யும் வேலை ஆகிய ஆறும் சேர்ந்தே நமது உணர்வைத் தீர்மானிக்கின்றன என்று கொண்டு, அவ்வுணர்வை முன்கூட்டியே கணிக்க வழி வகுத்தார்.

ஆனால், "சற்றே புழுக்கம்" என்று நாம் சொல்வதை இயந்திரத்துக்கு உணர்த்துவது எங்ஙனம்? பழைய தருக்கத்தில் ஆம், இல்லை என்னும் இரண்டே விடைகள் உண்டு. 28 டிகிரியில் கோடு கிழித்தால், 27.9 சுகமென்றும் 28.1 துன்பமென்றும் ஆகிவிடும். இது அனுபவத்துக்கு ஒவ்வாது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாட்ஃபி ஜாதே, ஒரு பொருள் ஒரு தொகுதியில் ஓரளவு மட்டும் அடங்கலாம் என்று 1965-இல் எழுதினார். அதிலிருந்து கிளைத்ததே ஃபஸ்ஸி லாஜிக் எனப்படும் மங்கல் தருக்கம். இதன்படி, உதாரணமாக, 28 டிகிரியைச் 'சுகம்' என்பதில் 0.6 அளவும் 'வெப்பம்' என்பதில் 0.4 அளவும் சேர்க்கலாம். 'வெப்பமும் ஈரமும் மிகுதி, காற்றோட்டம் குறைவு எனில் புழுக்கம்' என்பன போன்ற விதிகளை இயந்திரத்துக்கு அளிக்கின்றனர். ஒவ்வொரு விதியும் எவ்வளவு பொருந்துகிறதோ, முடிவில் அவ்வளவு பங்கு பெறும். மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினால் போதுமா, ஏர்கண்டிஷனர் தேவையா என்பதை இயந்திரம் இவ்வாறு தெரிந்துகொள்கிறது.

இந்த அளவுகளை வகுப்பவர் யார் என்பதே முக்கியமான வினா. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தார் சென்னை, பெங்களூர், டில்லி, அகமதாபாத், சிம்லா ஆகிய நகரங்களின் அலுவலகங்களில் பணிபுரிவோரையே கேட்டு ஆராய்ந்தனர். ஃபேங்கரின் கணக்கு முன்னுரைப்பதைக் காட்டிலும் நம் நாட்டவர் வெப்பத்துக்கு இசைந்து கொள்கின்றனர் எனக் கண்டனர். அவர்கள் வகுத்த முறை 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பிலும் இடம்பெற்றது.

வெளியே அனல் வீச, அலுவலகத்துக்குள் கம்பளி போர்த்து அமர்ந்திருப்பது சுகமாகாது, மின்சாரமும் வீணாகும். ஆதலின் இயந்திரத்துக்கு விதி எழுதுமுன், அவ்வறையில் உழைப்போரைக் கேட்டறிவதே முதற்கடமையாகும்.