கணக்கை இயற்றும் குழந்தை
(தொடக்கக் கல்விக் கணிதக் கருத்தரங்கின் தலைமை உரை)



 தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் தாமே கணக்கு இயற்றுவதைப் பற்றிய விசாரணையே இன்றைய நம் காரியம்.

நம் நாட்டில் சுவையான கணக்குகளுக்கு என்றும் குறைவு இருந்ததில்லை. 1150-இல் லீலாவதியை இயற்றிய பாஸ்கராசாரியர் வண்டுகளையும் அன்னங்களையும் கொண்டு கணக்கு அமைத்து ஒரு பெண்ணை விளித்து வினவினார். காரி நாயனாரின் கணக்கதிகாரமோ, பலாப்பழத்தின் முள்ளை எண்ணிச் சுளைகளின் தொகையை உரைக்கும் உபாயத்தையும் செய்யுளாக்கித் தந்தது. ஆயினும், அவற்றிலும் சரி, நம் பாடநூல்களிலும் சரி, வினவுபவர் பெரியவராகவும் விடை கூறுபவர் சிறியவராகவுமே நிலைத்துவிட்டனர். கணிதத்தில் வினா எழுப்பும் கலை விடை காணும் கலையினும் உயர்ந்தது என்ற கருத்தை, ஜார்ஜ் கான்டர் 1867-இலேயே பெர்லினில் தம் பட்ட ஆய்வோடு முன்வைத்தார். அந்த உயர்ந்த கலையில் பாதியையேனும் நம் குழந்தைகளுக்கு நாம் கொடுத்திருக்கிறோமா?

இதன் பிரயோஜனத்தை ஓர் எளிய வகுத்தலில் காணலாம். பன்னிரண்டை மூன்றால் வகுக்கச் சொன்னால், வாய்பாடு தெரிந்த குழந்தைகள் அனைவரும் நான்கு என்றே எழுதுவர். அவ்விடைகளிலிருந்து ஆசிரியர் அறிவது சொற்பம். அதே வகுத்தலுக்கு ஒரு வாழ்க்கைக் கணக்கு எழுதச் சொன்னாலோ, ஒருத்தி பன்னிரண்டு மாம்பழங்களை மூவருக்குப் பங்கிடுவாள். மற்றொருவன் பைக்கு மூன்றாக இட்டு எத்தனை பை வேண்டும் என்று கேட்பான். இன்னொருவன் மூன்றைத் தின்றுவிட்டு மீதி எத்தனை என்பான். வகுத்தலின் இரு பொருள்களும், அதைக் கழித்தலோடு மயங்கும் பிழையும் ஒரே வேளையில் வெளிப்பட்டுவிடுகின்றன. பதின்மூன்றை நான்கால் வகுக்கும் கணக்கோ இன்னும் வளமானது: நால்வருக்குத் தோசை பங்கிட்டால் மூன்றேகால், நான்கு மீட்டர் நீளத் துண்டுகளாகத் துணி கிழித்தால் மூன்று, ஆட்டோவுக்கு நால்வராகப் பதின்மூன்று பேரை ஏற்றினால் நான்கு.

இம்முறைக்கும் இடையூறு உண்டு. பழக்கமில்லாத குழந்தை பாடநூல் கணக்கின் பெயரையும் எண்ணையும் மாற்றி எழுதித் திருப்தி அடையும். ஆகவே, விடையை மட்டும் கொடுத்து வினாவைக் கேட்பதும், கடையின் விலைப்பலகையைக் காட்டிக் கணக்கு அமைக்கச் சொல்வதும் நன்று. தகவல் போதாத கணக்கை ஒரு குழந்தை எழுதினால், ஆசிரியர் சிவப்பு மையால் திருத்த வேண்டாம். தோழன் அதைப் போட முயன்று தடைப்படும்போது, எழுதிய குழந்தையே குறையைக் கண்டுகொள்ளும்.

பெரிய இடையூறு குழந்தைகளிடம் இல்லை, நம்மிடமே இருக்கிறது. ஒன்றே முக்காலை அரையால் வகுப்பதற்கு ஒரு கதை அமைக்குமாறு ஆசிரியர்களைக் கேட்ட ஆய்வாளர் லிப்பிங் மா, 1999-இல் வெளியிட்ட நூலில், அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் ஒருவரே கருத்துப் பிழையின்றி அமைத்ததாகவும், சீன ஆசிரியர் 72 பேரில் பெரும்பாலோர் பொருத்தமாக அமைத்ததாகவும் தெரிவிக்கிறார். தவறியவர்களுள் பலர், அரையால் வகுப்பதை இரண்டாக வகுப்பதாகவே கொண்டுவிட்டனர். கணக்கு இயற்றி அறியாத ஆசிரியர், குழந்தை இயற்றும் கணக்கின் குணதோஷங்களை எங்ஙனம் அறிவார்? குழந்தைகளுக்கு இவ்வப்பியாசத்தை விதிக்கும் முன், ஆசிரியப் பயிற்சியில் அது இடம்பெற வேண்டும் என்பது என் துணிபு.

ஆதலின், கட்டுரைகள் வாசிக்கப்படுவதற்கு முன்பாக, இங்குள்ள ஒவ்வொருவரும், என்னையும் சேர்த்து, ஒன்றே முக்காலை அரையால் வகுக்கும் கணக்கு ஒன்றை நம் ஊர் வாழ்க்கையிலிருந்து இயற்றி, பக்கத்தில் இருப்பவரிடம் போடக் கொடுக்குமாறு வேண்டிக்கொண்டு, இம்மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.